நாலு கால் பாய்ச்சலா... நாலும் தெரிஞ்சு ஓட்டுங்க ஸார்!

'ஜீப்' என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்?

சிலருக்கு போலீஸ். சிலருக்கு கலெக்டர். பாங்க்கில் லோன் வாங்கிவிட்டு மறந்து போனவர்களுக்கு ஜப்தி அமீனா! சினிமா ரசிகர்களுக்கு, ஹீரோ வில்லனைத் துவைத்துக் காயப் போட்ட பிறகு சாவகாசமாக வந்து இறங்குகிற இன்ஸ்பெக்டர். ஆக மொத்தம், ஜீப்பில் வருகிறவர் என்றாலே கொஞ்சம் பயப்பட வேண்டியவர் என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம்.

இப்போது கதையே வேறு. ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் அஞ்சு நிமிஷம் நின்று பாருங்கள். பட்டுப்புடவைக் கடை முதலாளி பையன், ரைஸ் மில்காரர் மாப்பிள்ளை, ஏழு வருஷ இ.எம்.ஐ.யில் ஆபீஸ் குமாஸ்தா... ஆளுக்கொரு உசரமான வண்டியில் உட்கார்ந்து வருகிறார்கள். பின்னால் '4×4' என்று பளபளவென்று எழுத்து. சனிக்கிழமை சாயந்திரம் ஆனால் போதும், "மச்சி, ஜவ்வாது மலைக்கு ஏத்திடலாமா?" என்று ஆரம்பித்து விடுகிறார்கள். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர், பீமன் மடவு அருவி, ஏரிக்கரையில் ஒரு போட்டோ. நல்ல விஷயம்தான். வயசு அப்படி!

ஆனால் ஒரே ஒரு சந்தேகம். அந்த வண்டியில் கியர் லீவருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லீவர் இருக்கிறதே... அதை எப்போது போடணும், எப்போது போடக் கூடாது என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் காதைச் சொறிவார்கள் என்பது என் சொந்த அனுமானம். மிச்ச ரெண்டு பேர், "அது மாட்டிக்கிட்டா போடறதுங்க" என்பார்கள்.

மாட்டிக்கொள்வதற்கு முன்னால் தெரிந்து கொள்வது நல்லதில்லையா?

பட்டாளத்திலிருந்து பட்டு ஊருக்கு

முதலில் கொஞ்சம் ஜாதகம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவம், சேற்றிலும் மணலிலும் ஓடுகிற லேசான வண்டி வேண்டும் என்று 1940-ல் கம்பெனிகளைக் கேட்டது. வில்லிஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளின.

நம்ம ஊர்க் கதை இன்னும் சுவாரஸ்யம். 1945-ல் 'மஹிந்திரா அண்ட் முஹம்மத்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். தேசப் பிரிவினையில் பார்ட்னர் குலாம் முஹம்மத் பாகிஸ்தானுக்குப் போய் அங்கே முதல் நிதி மந்திரியாகி விட்டார். 1948-ல் கம்பெனி 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. இடையில் 1947-லேயே வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து இங்கே பூட்ட ஆரம்பித்து விட்டார்கள். 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தது. 2010-ல் 'தார்', 2020-ல் அதன் புது அவதாரம், 2023-ல் ஜிம்னி. ஆரணிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் பெருமையும் உண்டு. மஹிந்திரா தன் வண்டிகளைப் போட்டு வதைத்துப் பார்ப்பதற்கென்றே 2021-ல் 454 ஏக்கரில் ஒரு சோதனைத் தளம் திறந்தது. எங்கே? பக்கத்து வீடு மாதிரி இருக்கிற நம்ம செய்யாறில்!

அங்கே பயிற்சி பெற்ற டிரைவர்கள், ஹெல்மெட், பெல்ட் சகிதமாக வதைக்கிறார்கள். நாமோ பின் சீட்டில் மாமியார், மடியில் குழந்தை, டாப்பில் பிரியாணி அண்டா என்று மலை ஏறுகிறோம்!

"எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம் சுத்துதே?"

புது வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, "நாலு வீலும் சுத்தும், தெரியுமா?" என்று கணவர் பெருமையடிக்கிறார். மனைவி நிதானமாகக் கேட்கிறார்: "ஏங்க, பழைய காருக்கு மட்டும் மூணுதான் சுத்துச்சா?"

சிரிக்காதீர்கள். ரொம்பச் சரியான கேள்வி அது.

சாதாரண காரில் நாலு சக்கரமும் சுற்றும். ஆனால் என்ஜின் பலம் போவது இரண்டுக்குத்தான். மற்ற இரண்டும் சும்மா கூட வருகிற ஆசாமிகள், கல்யாணத்துக்கு வந்த ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி! நாலு வீல் டிரைவில் அந்தச் சித்தப்பாக்களையும் வேலை வாங்குகிறோம். கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி, பேர் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்'. அது பலத்தைப் பிரித்து முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் அனுப்புகிறது. குட்டி லீவர் அதற்குத்தான்.

லீவரில் மூன்று முக்கியமான இடங்கள். '2 ஹெச்' என்றால் பின் சக்கரங்களுக்கு மட்டும் பலம்; தார் ரோட்டுக்கு. '4 ஹெச்' என்றால் நாலு சக்கரத்துக்கும். மண், ஜல்லி, சேற்றுப் பாதைக்கு. '4 எல்' என்றால் நாலு சக்கரமும், கூடவே வேகம் குறைந்து இழுவை எகிறும். 2020 தாரில் இந்த '4 எல்' போட்டால் வேகம் சுமாராக இரண்டரையில் ஒரு பங்காகி, சக்கரத்தில் இழுவை அதே அளவு பெருகும். செங்குத்து ஏற்றம், இறக்கம், பாறை... இதற்கெல்லாம் அதுதான்.

பேட்ஜைப் பார்த்து ஏமாறாதீர்கள், உருவத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். 2023 ஜனவரியில் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் விற்பனைக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி. செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர்கள் உள்ளே குட்டி லீவர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கவும்.

பாவு நீட்டுகிறவரைக் கேளுங்கள்!

"நாலு வீல் இருக்குல்ல... எப்பவும் போட்டே வெச்சா சேஃப்டிதானே?"

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் கையைச் சுட்டுக் கொள்கிறார்கள்.

ஆரணிப் பக்கம் தறிக்காரர்கள் காலை நேரத்தில் வீதியில் பாவு நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். ரெண்டு பேரும் ஒரே மாதிரி இழுக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டு ஒரு சாண் கூடுதலாக இழுத்தால் என்ன ஆகும்? இழை அறுந்து போகும்.

வண்டி திருப்பத்தில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடுகின்றன, பின் சக்கரங்கள் சின்ன வட்டம் போடுகின்றன. அதாவது முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஆனால் நம் ஊரில் தார், ஜிம்னி, ஜிப்ஸி மாதிரி வண்டிகளில் '4 ஹெச்' போட்டதும் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டு விழுந்து விடுகிறது. ஒருவர் கூடுதல் தூரம் ஓடணும், ஆனால் கூடுதல் வேகம் கூடாது! மண் ரோடு என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டி விடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழி இல்லை. முறுக்கம் எல்லாம் உள்ளே ஏறுகிறது. ஸ்டியரிங் கல்லாகும். டயர் தேயும். பிடிவாதமாக ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின், பல்லு, ஷாஃப்ட் ஏதாவது ஒன்று 'டப்'பென்று போகும். பில்லைப் பார்த்தால் நமக்கும் 'டப்'பென்று போகும்!

ஆகவே மண்ணில் 4, தாரில் 2. சில விலை உயர்ந்த வண்டிகளில் எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும்படி நடுவில் தனி ஏற்பாடு உண்டு. அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் வண்டி எந்த ஜாதி என்பது மேனுவலில் இருக்கிறது.

இதே காரணத்துக்காக இன்னொன்று. நாலு டயரும் ஒரே சைஸாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். "முன்னாடி ரெண்டு மட்டும் புதுசு போட்டுக்கலாம் ணா" என்று சிக்கனம் பார்த்தால், நேர் ரோட்டில் போனாலே திருப்பத்தில் போகிற முறுக்கம் ஏறும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் டயர்களை முன்பின் மாற்றிப் போட்டால் தேய்மானம் சமமாகும்.

'4 எல்' போடுவதற்கு வண்டி நிற்க வேண்டும். கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்து, அப்புறம் லீவர். ஓடுகிற வண்டியில் போட்டால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். காசு அரைபடுகிற சத்தம் அது.

ஏறுவது சுலபம்... இறங்குவது?

இதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிக் கொள்ளுங்கள்: நாலு வீல் டிரைவ் வண்டியைப் போக வைக்கும், நிற்க வைக்காது!

பிரேக் என்பது சாதாரண காருக்கும் நாலு சக்கரத்தில்தான். உங்கள் வண்டிக்கும் நாலில்தான். ஈர ரோட்டில் மற்ற வண்டிகள் எவ்வளவு தூரம் வழுக்குமோ, அவ்வளவு தூரம் நீங்களும் வழுக்குவீர்கள். சொல்லப் போனால், கனம் ஜாஸ்தி, உசரம் ஜாஸ்தி. கொண்டை ஊசி வளைவில் வேகமாகத் திருப்பினால், தாழ்வான கார் வழுக்கும். உயரமான வண்டி கவிழும்.

மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற மகானுபாவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் டிரம்மும் டிஸ்க்கும் பழுக்கக் காய்கின்றன. சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறி, அதிலுள்ள ஈரம் கொதித்து ஆவிக் குமிழியாகி விட்டால், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். வண்டி நிற்காது. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய லாரி டிரைவர்களின் கணக்கு. நல்ல கணக்கு. மண் பாதையில் ரொம்பச் செங்குத்தான இறக்கம் என்றால் '4 எல்', முதல் கியர், கிளட்சிலிருந்து காலை எடுத்து விடுங்கள். என்ஜினே பிடித்துக் கொண்டு ஆமை மாதிரி இறக்கி விடும்.

ஏற்றத்தில் பாதியில் என்ஜின் நின்று விட்டதா? பதறிப் போய் வண்டியைக் குறுக்கே திருப்பாதீர்கள். சரிவில் குறுக்காக நின்ற உயரமான வண்டி உருளுவதற்கு ரெடியாக இருக்கிறது என்று அர்த்தம். பிரேக்கை மிதியுங்கள். ரிவர்ஸ் கியர் போடுங்கள். நேர் பின்னாலேயே, வந்த தடத்திலேயே மெதுவாக இறங்குங்கள். மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை, திரும்பி வந்து விடும்.

கடைசியாகப் பாரம். 2022 ஏப்ரல் 2, தெலுங்கு வருஷப் பிறப்பு. ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் பக்கம் சேம்பறை ஆஞ்சநேயர் கோயிலுக்கு ஜனங்களை ஏற்றிக் கொண்டு போன வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் இறந்து போனார்கள். 2023 ஆகஸ்டில் கேரளாவின் வயநாட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வந்த ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பேர் போனார்கள். மலை ரோட்டில் சின்ன வண்டி, அதில் கூட்டமாக ஜனங்கள் என்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இரண்டும் போதும். டாப்பில் ஏற்றுகிற ஒவ்வொரு மூட்டையும், ஒவ்வொரு ஆளும் வண்டியின் கன மையத்தை மேலே தூக்குகிறார்கள். சீட் எத்தனையோ ஆள் அத்தனை. பின் சீட்டில் இருப்பவருக்கும் பெல்ட். போடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். உருளுகிற வண்டியில் பெல்ட் இல்லாதவர் வெளியே வீசப்படுவார், அவர் மேலேயே வண்டியும் விழும். அதற்கு அபராதத்தில் கணக்கே இல்லை.

ஆற்றில் இறங்கினால்...

நம்ம கமண்டல நாகநதியைத் தெரியும்தானே? பல மாசம் மணல்தான். மேலே மலையில் மழை கொட்டினால் திடீரென்று செம்மண் நிறத்தில் தண்ணீர் வரும். தரைப்பாலம் முழுகும். அந்தக் கரையில் ஒரு கூட்டம் நிற்கும். அதில் ஒரு ஆள் நிச்சயம் சொல்வார்: "இது ஃபோர் வீல் வண்டிதானே தம்பி, போப்பா! ஒண்ணும் ஆவாது!"

அந்த ஆள் வண்டியில் ஏறமாட்டார் என்பதை கவனியுங்கள்.

2020 தாருக்கு கம்பெனி சொல்லும் தண்ணீர் ஆழம் 650 மில்லிமீட்டர், சுமார் இரண்டடி. அதைக் கேட்டுவிட்டு, "ரெண்டடி வரைக்கும் கவலையில்லை" என்று ஒரு முடிவுக்கு வந்து விடுகிறோம். அது ஓடாத தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீர் வேறு சமாசாரம். ஒரு சின்ன கணக்கு. வண்டியின் அடிப்பரப்பு தோராயமாக 6 சதுர மீட்டர் என்று வையுங்கள். தரைத் தகட்டுக்கு மேல் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறினால், சுமார் 600 கிலோவைத் தண்ணீர் தூக்குகிறது. 20 சென்டிமீட்டர் என்றால் 1,200 கிலோ. வண்டியின் கனமோ சுமார் 1,750 கிலோ. மிச்சம் ஐநூறு சொச்சம் கிலோதான் சக்கரத்தை ரோட்டில் அழுத்துகிறது. பக்கத்திலிருந்து வெள்ளம் ஒரு தள்ளு தள்ளினால் போதும், நாலு சக்கரமும் சுற்றிக் கொண்டே பாலத்தை விட்டு நகரும். நாலு சக்கரமும் தரையைத் தொடாதபோது நாலு வீல் டிரைவ் எதற்கு? அமெரிக்க வானிலைத் துறை வருஷா வருஷம் சொல்கிற எச்சரிக்கையும் இதுதான்: ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தால் சின்ன கார் போய்விடும், இரண்டடி இருந்தால் பெரிய வண்டியே போய்விடும்.

ஓடாத தண்ணீரும் சாதுவல்ல. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைத் தண்ணீரில் கார் மூழ்கி ஒரு பெண் டாக்டர் இறந்தார். 2024 செப்டம்பரில் டெல்லி பக்கத்து ஃபரிதாபாத்தில், வேலை முடிந்து வீடு திரும்பிய இரண்டு பாங்க் ஊழியர்கள். இவர்கள் வந்தது பெரிய எஸ்.யு.வி. வண்டியில்தான். அதுவும் ஒரு சுரங்கப்பாதை. இறங்கும்போது ஆழம் தெரியாது. தெரியும்போது கதவு திறக்காது. வெளியே இருக்கும் தண்ணீர் அழுத்தும்.

அடி தெரிகிற, ஓடாத, முழங்காலுக்குக் கீழான தண்ணீர் என்றால் முதல் கியரில், ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் போகலாம். நடுவில் என்ஜின் நின்று விட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். காற்று போகிற வழியில் தண்ணீர் உள்ளே போயிருந்தால், பிஸ்டன் தண்ணீரை அமுக்கப் பார்க்கும், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்து விடும். இறங்கித் தள்ளுங்கள், இல்லை ஆள் கூப்பிடுங்கள். கரையேறிய பிறகு நாலு தரம் மெதுவாக பிரேக்கை மிதித்துக் காய வையுங்கள்.

சேற்றில் மாட்டினால் ஆக்ஸிலேட்டர் அல்ல, கோணிப்பை!

"நாலு வீல் போட்டும் ரெண்டு வீல்தாங்க சுத்துது. ஏமாத்திட்டான் டீலர்!" என்று கத்துகிறவர்கள் உண்டு. டீலர் ஏமாற்றவில்லை. ஆக்சில் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதற்கே சுற்றலைக் கொடுக்கும். சேற்றில் சுலபமாகச் சுற்றுவது எது? பிடிப்பே இல்லாத சக்கரம்! ஆக, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வீணாகச் சுற்றும். இதைத் தடுக்கத்தான் சில வண்டிகளில் 'டிஃப் லாக்' வைக்கிறார்கள்.

மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். நிறுத்தி இறங்குங்கள். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றைத் தோண்டி எடுங்கள். கோணிப்பை, கல், காய்ந்த கிளை ஏதாவது போடுங்கள். '4 எல்', இரண்டாவது கியர், மெதுவாக. மணல் என்றால் டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தால் தடம் அகலமாகி ஏறி வரும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் மறுபடி காற்று!

கயிறு கட்டி இழுக்கும்போதுதான் உண்மையான ஆபத்து. முறுக்கேறிய கயிறு அறுந்தால் அது கயிறல்ல, சாட்டை. கொக்கி பிய்ந்து வந்தால் அது குண்டு. பம்பரில் கட்டாதீர்கள், சேஸிஸில் கம்பெனி கொடுத்திருக்கும் கொக்கியில் கட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஈரக் கோணியைப் போட்டு வையுங்கள். அறுந்தாலும் அதிகம் எகிறாது. வேடிக்கை பார்க்கிற ஜனங்களைக் கயிற்றின் நீளத்துக்கு மேல் தள்ளி நிற்க வையுங்கள். நம் ஊரில் இதுதான் கஷ்டமான வேலை!

படுக்கையில் விழுந்த வண்டி

வார நாளில் ஆபீஸ், வாரக் கடைசியில் மலை என்று ஓடுகிற வண்டிக்குக் கவனிப்பு வேண்டும். சாதாரண காருக்கு இல்லாத மூன்று இடங்களில் இதற்கு ஆயில் இருக்கிறது: டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். சர்வீஸ் விடும்போது, "மூணும் பாத்தாச்சா ணா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தண்ணீரில் இறங்கி வந்திருந்தால் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கிற டிஃபரன்ஷியல் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் முழுகினால் உள்ளே காற்று சுருங்கி, வழி கிடைத்தால் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்து விட்டது, உடனே மாற்றணும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், சேற்றுப் பயணம் முடிந்ததும் புது கிரீஸ். முன் ஆக்சில் ரப்பர் கவர் கிழிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நூறு ரூபாய் ரப்பரைக் கவனிக்காமல் விட்டால் ஆயிரக்கணக்கில் பழுக்கும். புழுதி ரோட்டில் போய் வந்தால் ஏர் ஃபில்டர். டீசல் வண்டியில் ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீர். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் செத்தது. மலைக்கு அதற்கு முன்னாலேயே மாற்றுவது உத்தமம்.

நாலு வீலை மாசத்துக்கு ஒரு தடவையாவது மண் ரோட்டில் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் தொடுகிற லீவர், அவசரத்துக்கு வராது. இறுகிப் போயிருக்கும்.

பழைய வில்லிஸ், மஹிந்திரா ஜீப் பிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய வில்லிஸ் ரக ஜீப்புகளில் ஹாண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டைப் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினீர்களானால், அது அந்தரத்தில் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறு பக்கம் சுற்ற, ஹாண்ட் பிரேக் போட்ட வண்டி ஜாம் ஜாமென்று உருளும்! அதே மாதிரி, குட்டி லீவர் நியூட்ரலில் நின்றால், கியர் போட்டு நிறுத்தின வண்டியும் உருளும். கியருக்கும் சக்கரத்துக்கும் அப்போது சம்பந்தமே இல்லை. ஆகவே எந்த வண்டியானாலும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ வைக்காமல் ஜாக்கி ஏற்றாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

அலங்காரப் பிரியர்கள் கவனத்துக்கு

முன்னால் இரும்புக் குழாயில் ஒரு கம்பி வேலி கட்டினால்தான் வண்டிக்கு அழகு என்று நினைக்கிறவர்கள் அதிகம். 2017 டிசம்பரில் மத்திய அரசு இந்தக் கம்பி பம்பர்களைத் தடை செய்தது. காரணம், மோதினால் நசுங்கி அடியை வாங்கிக் கொள்ள வேண்டிய முன் பாகம் நசுங்காது. ஏர் பேக் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம். குறுக்கே வந்த மனுஷனுக்கோ, அது இரும்பு உலக்கை. வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ராட்சஸ டயர் போடுகிறவர்களும் கொஞ்சம் யோசிக்கவும். வண்டி உசரமாகி, கவிழுகிற வாய்ப்பு ஏறும். ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டும். பிரேக்குக்கு வேலை கூடும்.

அதோடு, ஜவ்வாது மலையில் ரோட்டை விட்டு இறங்கினால் பல இடங்களில் அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். இளைஞர்கள் ரீல் எடுக்கிற அந்தப் பச்சைச் சரிவு, யாரோ ஒருவர் சாமை விதைத்த நிலமாகவும் இருக்கலாம். மழை நாளில் மலைக்கே போக வேண்டாம். 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையிலேயே மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். மலை சரியும்போது உங்கள் வண்டியில் எத்தனை வீல் என்று எண்ணிப் பார்க்காது.

யாருக்காக இந்த வண்டி?

2023 மே மாசம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயசுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு சரியில்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்து விட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் ஒரு இடத்துக்கு மேல் ஏற முடியாமல் இறக்கி விட, அந்தத் தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக் கொண்டு நடந்தே மலை ஏறினார். ஆரணியிலிருந்து அது ஒன்றும் வெகு தூரம் இல்லை.

நமக்கு நாலு வீல் டிரைவ் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. மலை மேல் இருக்கிறவர்களுக்கு அது பிரசவ வண்டி, ரேஷன் வண்டி, சந்தை வண்டி. நாம் குறுகலான மலைப் பாதையில் குறுக்கே மாட்டிக் கொண்டு நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும், பின்னால் அப்படி ஒரு வண்டி காத்திருக்கலாம். வித்தை தெரியாமல் மலை ஏறுவது நம் சொந்த விஷயம் மட்டும் இல்லை.

அதனால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை "மச்சி, ஏத்திடலாமா?" என்று போன் வருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். டேஷ்போர்டைத் திறந்தால் பழைய டோல்கேட் ரசீது, உடைந்த கூலிங் கிளாஸ், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை... இதற்கெல்லாம் அடியில், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் ஒரு புஸ்தகம் இருக்கும். பேர் 'ஓனர்ஸ் மேனுவல்'. நாலு வீல் டிரைவ் பற்றி அதில் மிஞ்சிப் போனால் பத்துப் பக்கம். ஒரு டீ ஆறுவதற்குள் படித்து விடலாம்.

பல லட்ச ரூபாய் வண்டியில் இலவசமாகக் கிடைத்த ஒரே சாமான் அது. அதையாவது உபயோகப்படுத்துங்களேன் ஸார்!